இரண்டு சிம், ஒரு டோர்ச்: ஊவா மலைச் சைக்கிள் பயணிக்கு ஏற்ற மலிவான போன் எது?

மலிவான போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் சைக்கிள் மிதிக்கப் புறப்படுகிறவர் விலையைப் பார்க்கிறார், பேட்டரியைப் பார்க்கிறார், வாங்கிவிடுகிறார். சமவெளிக்கு அது போதும். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு மிதிப்பவருக்கு ஏறக்குறைய எந்தப் போனும் உதவும். இலங்கையின் ஊவா மாகாணம் அப்படியான இடம் இல்லை. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எல்ல 1,040, பண்டாரவளை 1,230, அப்புத்தளை 1,430 மீற்றர். இவற்றுக்கெல்லாம் மேலே 2,036 மீற்றர் உயரத்தில் நமுனுகுலை மலை நிற்கிறது. எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதி 27 கிலோமீற்றர் அளவில் 800 மீற்றருக்கும் மேல் கீழே போய்விடுகிறது. ஒரு வளைவில் சிக்னல் முழுக் கோடும் நிற்கும், அடுத்த வளைவில் ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டிலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் சைக்கிளோடு இங்கே வர நினைப்பவர்கள் "சும்மா ஒரு சின்ன போன் போதுமா?" என்று கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு இந்த மலையை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிக்னல் ஏன் இப்படி வந்து போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். இலங்கையில் ஜி.எஸ்.எம். எனும் இரண்டாம் தலைமுறைச் சேவை 900, 1800 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுகிறது. 900இன் அலைநீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், 1800இன் அலைநீளம் அதில் பாதி. நீளமான அலை தூரம் போகும், மலை விளிம்பைச் சற்று வளைந்தும் கடக்கும். குறுகிய அலை நேர்க்கோட்டையே நம்பியிருக்கிறது. 2013இல் டயலொக், மொபிடெல் நிறுவனங்கள் நான்காம் தலைமுறைச் சேவையை 1800இல்தான் தொடங்கின. பள்ளத்திலிருக்கும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வீடியோ ஓடாதபோதுகூடப் பேச்சு மட்டும் எப்படியோ கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டவர் தூரமாகப் போகப் போகப் போன் தன் ஒலிபரப்பு வலுவைக் கூட்டுகிறது. ஜி.எஸ்.எம். போன் 900இல் உச்சமாக 2 வாட் வரை போகலாம். டவரின் அடியில் அதில் மிகச் சிறு பங்கே போதும். சிக்னலே இல்லாத பள்ளத்தில் அது டவரைத் தேடித் தேடியே களைத்துப்போகிறது. பெட்டியில் "இத்தனை நாள் தாங்கும்" என்று அச்சிட்டிருப்பது நல்ல சிக்னலில் சும்மா கிடக்கும் போனுக்கான கணக்கு. மடுல்சீமைப் பக்கம் ஒரு பகல் சுற்றினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். பள்ளத்தில் இறங்கும்போது போனை விமான நிலைக்கு (ஏரோப்பிளேன் மோட்) மாற்றி, மேட்டில் ஏறியதும் திறந்து பார்ப்பது காசில்லாத நல்ல வழி.

இந்தச் சிக்கலைத் தேயிலைத் தோட்டத்து மக்கள் எப்போதோ கையாண்டு பார்த்துவிட்டார்கள். இலங்கையில் செல்லிடத் தொலைபேசி 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு வந்தது. ஆனால் அன்றைய போன் துரை பங்களாவுக்கும் எட்டாத விலை. லயத்துக்கு அது வந்து சேர்ந்தது 2000களின் நடுவில், நோக்கியா பட்டன் போன்கள் வந்த பிறகு. 2003இல் வெளியான நோக்கியா 1100 உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. தூசி புகாத பட்டன்கள், வழுக்காத பின்பக்கம், தலையில் ஒரு டோர்ச். விடியுமுன் பெரட்டு எனும் காலை வேலைக் கணக்கெடுப்புக்குப் புறப்படுகிறவருக்கும், இரவில் குறுக்குப் பாதையில் லயத்துக்குத் திரும்புகிறவருக்கும் அந்த டோர்ச் பேச்சுக்குச் சமமான தேவையாக இருந்தது. கொழும்பிலுள்ள லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் 2006இலிருந்து ஆசிய நாடுகளின் வறிய மக்களிடம் தொடர்ந்து நடத்திய தொலைபேசிப் பயன்பாட்டு ஆய்வுகளில் மிஸ்கோல் ஒரு முழுத் தொடர்பு முறையாகவே பதிவாகியிருக்கிறது. ஒரு மிஸ்கோல் என்றால் வந்துவிட்டேன், இரண்டு என்றால் கூப்பிடு என்பதைத் தோட்டத்தில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை.

அதற்கடுத்து வந்தது இரண்டு சிம். லயத்தடியில் ஒரு கம்பெனியின் டவர் பிடிக்கும், கொழுந்து எடுக்கும் மலையில் இன்னொன்று பிடிக்கும். பதுளைக் கடைவீதியில் போன் வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "தம்பி, எந்தப் பக்கம்?" என்பது. பசறை என்றால் ஒரு சிம்மைச் சொல்வார், அப்புத்தளைக்கு அப்பால் என்றால் வேறொன்று. எந்த விளம்பரத்திலும் இல்லாத அறிவு இது. ஒரு காலத்தில் ஐந்து கம்பெனிகள் இருந்தன. எதிசலாத் 2018இல் ஹட்சோடும், எயார்டெல் 2024இல் டயலொக்கோடும் சேர்ந்தபின் டயலொக், மொபிடெல், ஹட்ச் என்று மூன்றுதான் மிச்சம். மூன்றில் இரண்டைக் கையில் வைத்திருந்தால் ஊவாவின் பெரும்பகுதியைச் சமாளிக்கலாம். ஆகவே பயணி வாங்கும் போன் எதுவானாலும் இரண்டு சிம் போடக்கூடியதாக இருக்க வேண்டும். விலையைக் குறைக்க எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், இதை மட்டும் விடக் கூடாது.

இப்போது தெரிவுகளுக்கு வருவோம். முதலாவது, ஊரில் பாவிக்கும் விலையுயர்ந்த ஸ்மார்ட் போனையே கொண்டுவந்து, விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி ஒரு சிம் போட்டுக்கொள்வது. பெரும்பாலானோர் இதைத்தான் செய்கிறார்கள். எல்ல நகரில் விடுதி போட்டு ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துத் திரும்புகிறவருக்கு இதில் குறை இல்லை. சைக்கிள் பயணிக்கு இருக்கிறது. வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, படங்கள், அம்மாவின் இலக்கம் எல்லாம் ஒரே கண்ணாடித் தகட்டுக்குள் இருக்க, அந்தத் தகட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக் கல்ரோட்டில் குலுங்கிப் போகிறார். விலையுயர்ந்த போன்களின் கமராவுக்குள் படம் ஆடாமலிருக்கச் சிறு காந்தங்களில் மிதக்கும் வில்லை இருக்கும். தொடர்ந்த அதிர்வு அதைக் கெடுக்கலாம் என்று மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. மலிவான போனில் அந்த வில்லை கிடையாது, ஆகவே கெடவும் வழியில்லை.

இரண்டாவது, பட்டன் போன் மட்டும். நோக்கியா 105 என்ற மொடல் 2013இல் 15 யூரோ விலையில் வந்தபோது, அழைப்பில்லாமல் வைத்திருந்தால் 35 நாள் தாங்கும் என்றார்கள். அந்த வரிசையும் அதைப் பார்த்து வந்த மற்றக் கம்பெனிகளின் போன்களும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. ஊவாவில் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மழைக்காலம். அப்புத்தளையில் பிற்பகலானால் எந்த மாதமும் மூடுபனி இறங்கலாம். நனைந்த விரலுக்கும் கையுறைக்கும் தொடுதிரை கட்டுப்படாது, மழைத்துளியையே விரல் என்று நினைத்துத் தானாக அழைப்பும் எடுக்கும். பட்டன் அப்படி ஏமாறாது. ஆனால் பட்டன் போனுக்குப் பாதை தெரியாது. தோட்டத்து ரோட்டுகள் டிவிஷனுக்கு டிவிஷன் பிரிந்து, ஸ்டோரு எனும் தேயிலைத் தொழிற்சாலை வாசலிலோ லயத்து முற்றத்திலோ முடிந்துவிடும். பெயர்ப்பலகை அரிது. விசாரித்துக்கொண்டே போவது அழகுதான், மூடுபனியில் விசாரிக்க ஆள் வேண்டுமே.

மூன்றாவது, பழைய மலிவான ஸ்மார்ட் போன். ஜி.பி.எஸ். என்பது வானிலிருந்து வரும் அலையைக் கேட்பது மட்டுமே, அதற்கு சிம்மும் வேண்டாம், ரீலோடும் வேண்டாம். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவை வைத்து இயங்கும் ஓர்கானிக் மேப்ஸ், ஒஸ்மாண்ட் போன்ற செயலிகளில் முழு இலங்கை வரைபடத்தையும் ஊரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கங்களையும் அவை காட்டும். டேட்டா இல்லாத இடத்தில் முதல் தடவை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம், ஆகவே காலையில் திறந்த வெளியில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருப்பது நல்லது. ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கமாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். பழைய தோட்டப் பாதைகளைக் கோத்து அமைத்த வழி அது. அப்படிப்பட்ட பாதைகளுக்கு வரைபடமில்லாமல் சைக்கிளைத் திருப்புவது சரியில்லை.

செய்மதித் தொலைபேசியைப் பற்றியும் கேட்கிறார்கள். அது மலிவும் இல்லை, இங்கே அதற்கு அனுமதி வேண்டும். இந்தியா வழியாக வருகிறவர் கவனிக்க வேண்டும்: அனுமதியில்லாத செய்மதிக் கருவியோடு இந்திய விமான நிலையங்களில் பிடிபட்ட பயணிகள் உண்டு. அதை விட்டுவிடலாம்.

என் முடிவு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்ப்பது. உயிருக்கு ஒரு பட்டன் போன், வழிக்கு ஒரு பழைய ஸ்மார்ட் போன். இரண்டும் சேர்ந்தாலும் நடுத்தர விலை ஸ்மார்ட் போன் ஒன்றை எட்டாது. ஒன்று நனைந்தாலும் விழுந்தாலும் மற்றது இருக்கிறது. பட்டன் போன் சட்டைப் பையில், உடம்போடு இருக்க வேண்டும், சைக்கிள் பையில் வேண்டாம். சைக்கிள் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் சரிவில் கிடக்கும்போது கைக்கு எட்டுவது சட்டைப் பை மட்டும்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2017இல் வந்த ஜியோ போனும் 2023இல் வந்த ஜியோ பாரத்தும் மலிவானவை, அங்கே எங்கும் இருப்பவை. ஆனால் அவை ஜியோ சிம் தவிர வேறெதையும் ஏற்காதபடி பூட்டப்பட்டவை. இலங்கை சிம்மைப் போட்டால் அந்தப் போன் வெறும் டப்பா. அமெரிக்காவிலிருந்து வருகிறவர் பழைய பட்டன் போனைத் தூக்கி வந்தால் அது 850, 1900 அலைவரிசைக்கு மட்டும் செய்யப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 900, 1800 என்று இரண்டும் எழுதியிருந்தால் இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் ஒத்துவரும்.

தலைமுறையும் முக்கியம். சிங்கப்பூர் 2017 ஏப்ரலில் இரண்டாம் தலைமுறையை மூடியது. அவுஸ்திரேலியா இரண்டாவதை முன்பே மூடிவிட்டு 2024இல் மூன்றாவதையும் மூடியது. ஒரே பயணத்தில் இலங்கையையும் அந்த நாடுகளையும் மிதிக்க நினைப்பவருக்கு இரண்டாம் தலைமுறை மட்டும் தெரிந்த போன் வழியில் ஊமையாகிவிடும். நான்காம் தலைமுறை பட்டன் போன்கள் இப்போது வந்திருக்கின்றன, விலை சற்றே கூட. ஆனால் நான்காம் தலைமுறையில் பேசுவதற்கு அந்தந்தக் கம்பெனி அந்த மொடலை ஏற்றிருக்க வேண்டும். வெளிநாட்டு மொடலை ஏற்காவிட்டால் போன் பேச்சுக்கு இரண்டாம் தலைமுறைக்கே இறங்கும். ஆகவே இரண்டும் உள்ள போனை வாங்குங்கள். மூன்றாம் தலைமுறையே உச்சமாக உள்ள பழைய போனில் காசு போடாதீர்கள். உலகெங்கும் முதலில் விடைபெறுவது பெரும்பாலும் அதுதான்.

மின்சாரத்துக்கு வருவோம், ஏனென்றால் மலையில் போன் சாவது பெரும்பாலும் அங்கேதான். சைக்கிள் சக்கர அச்சில் பூட்டும் டைனமோ 6 வோல்ட், 3 வாட் தருவதற்காகச் செய்யப்பட்டது. அந்த அளவைத் தர ஓரளவு வேகம் வேண்டும். பேரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது சுமையோடு மிதிப்பவர் மணிக்கு 6, 7 கிலோமீற்றரில்தான் போவார், அந்த வேகத்தில் பெரிய ஸ்மார்ட் போனுக்கு ஒன்றும் சேராது. 800 அல்லது 1,000 மில்லிஆம்பியர்மணி பேட்டரி உள்ள பட்டன் போன் எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் ஒரு இறக்கத்திலேயே கணிசமாக ஏறிவிடும். பவர் பேங்க் வாங்குகிறவர் 10,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட்மணி. மாற்றத்தில் இழப்பதையும் கழித்தால் 5,000 பேட்டரியுள்ள ஸ்மார்ட் போனை ஒன்றரைத் தடவை நிரப்பும். விமானத்தில் 100 வாட்மணி வரை கைப்பையில் மட்டும் அனுமதி.

சுவர்ச் சொக்கட்டும் தலைவலி தரும். 2017இல் சதுர முள் பிளக் நாட்டின் தரமாக அறிவிக்கப்பட்டது. புதிய விடுதிகளில் அது இருக்கும், பழைய வீடுகளிலும் லயங்களிலும் இன்னும் உருண்டை முள்தான் அதிகம். இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் பதுளைக் கடைகளில் கிடைக்கும். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள போனுக்கு இங்கே தனிச் சிறப்பு உண்டு. நோக்கியாவின் பி.எல்.5சி வகை பேட்டரி சின்னச் சின்ன பசார்களிலும் கிடைக்கிறது. ஒன்றை நிரப்பிப் பையில் வைத்திருந்தால் அது ஒரு முழு நாள். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அப்போது சொக்கட் மட்டுமா, டவர்களின் பேட்டரிகளும் தீர்ந்து சிக்னல் விழுந்தது. மலையகத்தில் அந்த நாட்களைக் கழித்த எவரும் மாற்று பேட்டரியைத் தேவையற்ற செலவு என்று சொல்லமாட்டார்.

எழுத்து பற்றி ஒரு சிறு குறிப்பு. மலிவான பட்டன் போன்களில் சிலவற்றுக்குத் தமிழ் தெரியாது, தமிழில் வரும் செய்தி வெறும் கட்டங்களாகக் காட்டும். வாங்குமுன் கடையிலேயே ஒரு தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான், ஆங்கில எழுத்தில் 160. அதனால்தான் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகினார்கள்.

உயிருக்கு ஒரு பட்டன் போன் என்று நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது, ஆனால் மக்கள் குடியேற மாற்றிடம் கொடுக்கப்படவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன, வீதிகள் அறுந்தன, டவர்கள் விழித்திருக்க மின்சாரமில்லாமல் போயிற்று. இந்த மண்ணில் சைக்கிள் மிதிக்கிறவர் அதே சரிவுகளின் கீழேதான் போகிறார், கூடாரம் போட இடம் தேடுகிறார். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவை வைத்து மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் இடத்தை விட்டு வெளியேறுதல். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காக டயலொக்கும் மொரட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுகூடமும் உருவாக்கி 2009இல் தொடங்கிய அவசர எச்சரிக்கை வலையமைப்பு குறுஞ்செய்தியையும் டவர் ஒலிபரப்பையும் பயன்படுத்துவது. டவர் ஒலிபரப்பு அந்த டவரின் கீழுள்ள எல்லாப் போனுக்கும் இலக்கம் தெரியாமலே போய்ச் சேரும், பட்டன் போனுக்கும்தான். போனின் அமைப்பில் அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

சிக்னல் எங்கே இருக்கிறது என்பதும் இங்குள்ள மக்களுக்குத்தான் தெரியும். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2021இல் போஹிட்டியாவைக் கிராமத்துப் பிள்ளைகள் பாடம் கேட்கப் பாறை மேல் ஏறினார்கள், லுணுகலைப் பக்கத்தில் மரத்தின் மேல் பரண் கட்டிப் பிள்ளைகளை ஏற்றினார்கள். அது உலகச் செய்தியாக வந்தது. பயணி ஒரு வாரத்துக்குத் தாங்கும் சிக்னலின்மையைப் பிள்ளைகள் பள்ளிக்காலம் முழுதும் தாங்குவது நியாயமில்லை. அதை டவர் வைக்கும் கம்பெனிகளும் அரசும் தோட்ட நிர்வாகங்களும் தீர்க்க வேண்டும், பயணி தீர்க்க முடியாது. வழியில் சிக்னல் தேவைப்பட்டால் அவர் கொழுந்து எடுக்கும் அக்காவிடம் "அக்கா, எந்த இடத்துல கோல் எடுக்கும்?" என்று கேட்கலாம். கல்லையும் மரத்தையும் காட்டிச் சொல்வார்.

வாங்குவதைப் பற்றி. இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து போன்களுக்கு 18 சதவீத வற் வரி விழுகிறது. ஆகவே தமிழ்நாட்டில் பூட்டில்லாத பட்டன் போன் இருந்தால் அங்கிருந்தே கொண்டுவரலாம். இங்கே வாங்குவதானால் நட்சத்திரம், கட்டம், 06, கட்டம் அழுத்திப் பதினைந்து இலக்க எண்ணை எடுத்து, அந்த எண்ணை 'ஐ.எம்.ஈ.ஐ.' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத போனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். பழைய ஸ்மார்ட் போன் வாங்கும்போது கடைக்கு வெளியே, வானம் தெரியும் இடத்தில் நின்று வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பின்மூடியைத் தடவிப் பார்க்க வேண்டும்.

பிறகு பட்டன் போனில் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ், 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1912 சுற்றுலாப் பொலிஸ் ஆகியவற்றைச் சேமித்து, அதே இலக்கங்களை ஒரு தாளிலும் எழுதிப் பொலித்தீன் உறையில் வைத்துவிட்டு, இரண்டு சிம்மிலிருந்தும் ஒவ்வொரு கோல் எடுத்துப் பார்த்தபின் பதுளையை விட்டுப் புறப்படலாம்.